கிண்ணத்தில் மிஞ்சியதை நாய்க்கு வைக்கும் வீட்டாருக்கு

வீட்டுக்குள் நாய் வளர்க்கும் நகரத்துக் குடும்பத்தாருக்கு,

பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணத்தில் பாதி மிஞ்சிப்போகிறது. கொட்ட மனம் வராமல் அதைத் தரையில் வைக்கிறீர்கள். நாய் ஒரே மூச்சில் நக்கித் துடைத்துவிடுகிறது. இது நாய்க்கு ஆகுமா ஆகாதா என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ‘அதெல்லாம் ஒன்றும் செய்யாது’ என்பது ஒன்று. ‘மனுஷன் சாப்பிடுவது எதுவானாலும் நாய்க்கு விஷம்’ என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. அதிலும் இரண்டாவதுதான் கூடுதல் கெடுதல் செய்கிறது. சோறும் முட்டையும் தின்று நன்றாக இருக்கும் நாயைத் தினமும் பார்க்கிறவர் அந்த மிரட்டலைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அதோடு சேர்த்து உண்மையான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவார். சாக்லேட்டோ உலர்திராட்சையோ மசாலாவோ சேராத வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு கை அளவு உள்ளே போனால் ஆரோக்கியமான நாய்க்கு எதுவும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தக் கிண்ணத்தைத் தரையில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏனென்றால் பழக்கம் அப்படியே இருக்கும்; அலமாரியில் இருக்கும் டப்பாதான் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருக்கும்.

தானியம் என்பதாலேயே அது நாய்க்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது படிகள் வரை இருப்பதை அதில் காட்டினார்கள். மனிதன் உழுது விதைத்துச் சமைக்கத் தொடங்கிய பிறகு அவனோடு கூடவே இருந்து அவன் எச்சிலைத் தின்ற விலங்கின் உடம்பு அதற்கேற்ப மாறியிருக்கிறது. வேகவைத்த சோளம், அரிசி, ஓட்ஸ் ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தை நாயின் குடல் ஏறக்குறைய முழுவதுமாகவே செரித்துவிடும். நம் ஊர்ப்பக்கம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடித்து வளர்ந்தவைதானே என்று நீங்கள் கேட்டால், அந்த வாதத்தில் பாதி சரி. மீதிப் பாதியைப் பார்ப்போம். அந்தக் கூழில் சர்க்கரை கிடையாது, கொக்கோ கிடையாது, உலர்திராட்சை கிடையாது. அதோடு வயல்வரப்பில் பிடித்த எலியும் முயலும், வீட்டில் கிடைத்த கறியும் எலும்பும் மீன்தலையும் அந்த நாய்களுக்குப் புரதம் கொடுத்தன. காட்டில் நாள் முழுக்க ஓடிய நாயின் உடம்பு வேறு. மூன்றாவது மாடியில் சோபாவுக்கும் பால்கனிக்கும் நடுவில் வாழும் நாயின் உடம்பு வேறு.

இன்னொரு வாதம் இதைவிடக் கூர்மையானது. கடையில் வாங்கும் உலர் நாய்த் தீனியும் இதே மாதிரி மொறுமொறுப்பான உருண்டைதானே, அதிலும் சோளமும் அரிசியும்தானே இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததும் இல்லை. அமெரிக்காவில் ரால்ஸ்டன் பூரினா நிறுவனம் மனிதர்களுக்கான செக்ஸ் (Chex) என்ற காலை உணவைத் தயாரித்து வந்தது. மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி உப்ப வைக்கும் அதே வகை இயந்திரத்தைக் கொண்டுதான் 1957-இல் தன் நாய்த் தீனியை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. இயந்திரம் ஒன்றுதான், உள்ளே போகும் கலவை வேறு. வளர்ந்த நாயின் தீனியில், ஈரம் நீக்கிப் பார்த்தால், நூற்றுக்குப் பதினெட்டுப் பங்காவது புரதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கத்தின் அளவுகோல். கார்ன்ஃப்ளேக்ஸில் இருப்பது ஏழெட்டுப் பங்கு. அந்தப் புரதத்திலும் லைசின் என்ற அமினோ அமிலம் மக்காச்சோளத்திலேயே குறைவு. வறுக்கும்போது அது இன்னும் குறைகிறது. கொழுப்பும் கால்சியமும் நாய்க்குத் தேவையான அளவில் இல்லை. அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் இரும்பும் விட்டமின்களும் மனிதக் குழந்தையின் தேவையைக் கணக்கிட்டுச் சேர்த்தவை. விட்டமின் சி-யை நாய் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. அதற்காக டப்பாவிடம் போக வேண்டியதில்லை. ஆக, வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ் நாய்க்கு விஷமும் ஆகாது, சாப்பாடும் ஆகாது. வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளும் கலோரி, அவ்வளவுதான்.

அந்தக் கலோரியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். வீட்டில் வளரும், கருத்தடை செய்த பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி போதும். தின்பண்டமாகவும் மிச்சமீதியாகவும் கொடுப்பது எல்லாம் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதாவது அறுபது கலோரி. பதினாறு கிராம் கார்ன்ஃப்ளேக்ஸிலேயே அது முடிந்துவிடுகிறது. ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதிகூட வராத அளவு. அதில் ஊற்றிய அரை டம்ளர் பாலில் இன்னொரு அறுபது. போதாததற்கு, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துபோயிருக்கும். காலையில் குடித்த பால் மத்தியானம் பேதியாகப் போகும். ஒரு நாள் மிச்சத்தால் எந்த நாயும் பருத்துவிடாது. தினமும் வைத்தால் பருக்கும். பருமன் என்ன செய்யும் என்பதற்கு 2002-இல் வெளிவந்த லாப்ரடார் ஆய்வைப் பார்க்கலாம். 48 நாய்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். நன்றாகத் தின்ற குழுவின் இடைநிலை ஆயுள் 11.2 வருடம், அளவாகத் தின்ற குழுவுக்கு 13 வருடம். மூட்டுத் தேய்மானமும் அளவாகத் தின்றவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் நம்மோடு கூடுதலாக இருக்கக்கூடிய ஒரு உயிருக்கு, நாம் கொட்ட மனமில்லாத மிச்சத்தைக் கொடுத்து அந்த வருடங்களைக் குறைக்கிறோம்.

இனி டப்பா மாறுவதைப் பற்றிச் சொல்கிறேன்; என் கவலையில் பெரும்பகுதி இங்கேதான். கார்ன்ஃப்ளேக்ஸ் வாங்கிய வீட்டில் அடுத்த மாதம் மியூஸ்லி வருகிறது, அதற்கடுத்து கிரானோலா. பழமும் பருப்பும் கலந்தது, உடம்புக்கு நல்லது என்று எழுதியிருக்கும். அந்தப் பழத்தில் முதலிடம் உலர்திராட்சைக்கு. நம் வீடுகளில் பாயசத்திலும் கேசரியிலும் போடும் அதே உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியது. 1992 முதல் 2002 வரை அமெரிக்காவில் திராட்சையோ உலர்திராட்சையோ தின்று சிறுநீரகம் பழுதான 43 நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் ஏறத்தாழ பாதிதான் பிழைத்திருந்தன. உடல் எடையில் கிலோவுக்கு மூன்று கிராமுக்கும் குறைவாகத் தின்ற நாய்க்கே பாதிப்பு வந்ததாகப் பதிவு இருக்கிறது. மூன்று கிலோ நாய்க்குட்டி என்றால் ஒன்பது கிராம்கூட வேண்டாம். பழம் தாராளமாகப் போட்ட மியூஸ்லி ஒரு கிண்ணத்திலேயே அவ்வளவு இருக்கும். ஒரு கிண்ணம் மியூஸ்லியில் பால் ஊற்றிக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். லேசான தட்டைகள் மேலே மிதக்கும். உலர்திராட்சை கனமானது, பாலை உறிஞ்சி ஊதி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் மேலே மிதப்பதை அள்ளித் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைப்பார்கள். நாயிடம் போய்ச் சேருவது அந்த அடிப்பகுதி. அதாவது கிண்ணத்திலேயே எது நாய்க்கு மிக ஆபத்தானதோ, அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது போலாகிவிடுகிறது.

‘எங்கள் நாய் எத்தனையோ தடவை திராட்சை தின்றிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே’ என்பது இங்கே வழக்கமாக வரும் மறுப்பு. அதை நான் நம்புகிறேன். பல நாய்கள் தின்றுவிட்டு நன்றாகவே இருந்திருக்கின்றன. ஏன் ஒரு நாய்க்கு ஆகிறது, இன்னொன்றுக்கு ஆகவில்லை என்பது நீண்ட காலம் மருத்துவர்களுக்கே பிடிபடாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். குழந்தைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற நாய் ஒன்றுக்குச் சிறுநீரகம் பழுதானது. அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்டார் என்ற சமையல் பொடி சேர்ந்திருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அதே அமிலம் நிறைய உண்டு. அதன் அளவு திராட்சையின் ரகத்தைப் பொறுத்தும், பழுத்த பக்குவத்தைப் பொறுத்தும் பல மடங்கு மாறும். போன மாதப் பாக்கெட்டில் இருந்த திராட்சை உங்கள் நாயை ஒன்றும் செய்யவில்லை என்பதை வைத்து இந்த மாதப் பாக்கெட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே காரணம். எவ்வளவு வரை பாதுகாப்பு என்ற அளவு ஒன்றை யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எவ்வளவு குறைவாகத் தின்றிருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் இருக்கிறது. டார்டாரிக் அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் நம் புளி. 2022-இல் வெளியான மருத்துவக் கட்டுரை ஒன்று, புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே வகைச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்திருக்கிறது. ரசம் சோறு தின்ற நாய்க்கெல்லாம் ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. ரசத்தில் கரைந்திருக்கும் புளி கொஞ்சம்தான். ஆனால் கொட்டை எடுத்த புளி உருண்டையோ, புளியோதரைக்குக் காய்ச்சிய புளிக்காய்ச்சலோ நாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

அடுத்து, சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் டப்பா. வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் இது கட்டாயம் வந்துவிடும். சர்க்கரை இல்லை என்றால் நாய்க்கும் நல்லதுதானே என்று நினைப்பது இயல்பு. இனிப்புக்காக அதில் சேர்ப்பது சைலிட்டாலாக இருந்தால் விளைவு நேர்மாறானது. மனித உடம்பில் சைலிட்டால் இன்சுலினை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. அதனால்தான் நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள். நாயின் கணையம் அதைக் குளுக்கோஸ் என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டுகிறது. அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் சர்க்கரை சரிந்து, நாய் வாந்தி எடுக்கும், தள்ளாடும், வலிப்பு வரும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும் அதற்கு, 0.5 கிராம் தாண்டினால் கல்லீரலே போய்விடலாம். ஐந்து கிலோ நாய்க்கு ஆபத்து தொடங்கும் அளவு அரை கிராம், அதாவது தேக்கரண்டியில் அரைக்கால் பங்கு. எல்லா சர்க்கரையற்ற பண்டங்களிலும் இது இருப்பதில்லை. சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவை நாய்க்கு இப்படிச் செய்வதில்லை. ஆகவே பாக்கெட்டைத் திருப்பி, மடிப்புக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும். பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தால், தேட வேண்டியது 967. ஓட்ஸில் நீங்களே தூவிக்கொள்ளும் இனிப்புப் பொடியிலும், ரொட்டியில் தடவும் சில பீநட் பட்டர்களிலும் இதே எண்ணைத் தேடுங்கள்.

சாக்லேட் தடவிய உருண்டைகளைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்ல விரும்புகிறேன். கொக்கோவில் உள்ள தியோப்ரோமின்தான் நாய்க்கு ஆகாதது. மனித உடம்பு ஏழெட்டு மணி நேரத்தில் பாதியைக் கழித்துவிடும்; நாய்க்கு அதற்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நூறு கிராம் உருண்டையில் ஐந்து கிராம் கொக்கோப் பொடி இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிண்ணத்தில் சுமார் முப்பது மில்லிகிராம் தியோப்ரோமின். பத்துக் கிலோ நாய்க்குக் கிலோவுக்கு மூன்று மில்லிகிராம். கோளாறு தொடங்கும் இருபதுக்கு அது வெகு தூரம். அந்தக் கிண்ணத்தை நக்கியதற்காக நடுராத்திரியில் ஆட்டோ பிடிக்க வேண்டாம். ஆனால் அந்த ருசி கண்ட நான்கு கிலோ நாய் கீழ் அலமாரியைத் திறந்து 375 கிராம் பாக்கெட்டையே காலி செய்துவிட்டால், அதே கணக்குப்படி கிலோவுக்குத் தொண்ணூறைத் தாண்டும். வலிப்பு வரும் அளவு அறுபது. மசாலா ஓட்ஸ் இன்னொரு வகை. அதில் வெங்காயப் பொடியும் பூண்டுப் பொடியும் இல்லாத பாக்கெட் அரிது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காய வைத்துப் பொடித்த பிறகு அதன் வீரியம் பல மடங்கு. ரத்தசோகை உடனே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து, சிறுநீர் பழுப்பாகப் போகும்போது எந்தக் காலையில் எதைத் தின்றது என்பது யாருக்கும் நினைவிருக்காது. விலையுயர்ந்த கிரானோலாக்களில் வரும் மக்கடேமியா பருப்பும் நாயின் பின்னங்கால்களைத் தளர வைக்கும்.

‘சரி, நாங்கள் படித்தவர்கள், பட்டியலைப் பார்த்துவிட்டு வெறும் கார்ன்ஃப்ளேக்ஸை மட்டும் கொடுத்துக்கொள்கிறோம். அதையும் ஏன் நிறுத்த வேண்டும்?’ என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நீங்கள் ஒருவரே அந்த நாய்க்கு எல்லா வேளையும் சாப்பாடு வைப்பவர் என்றால், என்னிடம் பெரிய மறுப்பு இல்லை. நம் வீடுகள் அப்படி இல்லை. பேரன் தின்னாமல் வைத்ததைப் பாட்டி வைப்பார். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா கழுவும் முன் வழித்து வைப்பார். ஐந்து வயதுப் பிள்ளை மேஜைக்கு அடியில் கையை நீட்டும். லீவுக்கு வந்த சித்தப்பா செல்லம் கொடுப்பார். இவர்களில் எவரும் கிண்ணத்தில் இருப்பது எந்தப் பாக்கெட் என்று பார்க்கப் போவதில்லை, பார்க்கச் சொல்வதும் நியாயமில்லை. அவர்கள் கண்டது, இந்த வீட்டில் காலைக் கிண்ணம் நாய்க்குப் போகும் என்ற வழக்கத்தை மட்டுமே. கார்ன்ஃப்ளேக்ஸுக்கு ஆமாம், மியூஸ்லிக்கு இல்லை, இந்தக் கம்பெனி ஓட்ஸுக்கு ஆமாம், மசாலா போட்டதற்கு இல்லை என்ற விதியை ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்க முடியாது. ‘நம் கிண்ணத்திலிருந்து நாய்க்குக் கிடையாது’ என்ற விதியை ஒப்படைக்கலாம்.

மிச்சத்தை வீணாக்கலாமா என்ற தயக்கம் மதிக்க வேண்டியது. அதற்கு வழி, பிள்ளைக்கு முதலில் பாதி அளவு ஊற்றி, கேட்டால் மறுபடி ஊற்றுவது. தீனி விலை கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கும் கார்ன்ஃப்ளேக்ஸ் சிக்கனம் ஆகாது. ஒரு பாக்கெட் விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உப்பும் மசாலாவும் வெங்காயமும் சேராமல் வேகவைத்த கோழியும் முட்டையும் சோறும் காய்கறியும் கலந்து கொடுப்பது மேல். தினமும் அதையே கொடுப்பதானால், கால்சியமும் மற்றச் சத்துகளும் சரியாக இருக்கின்றனவா என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டு அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் சாப்பிடும்போது அது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தாங்க முடியவில்லை என்றால், அதற்கென்று ஒரு துண்டு கேரட்டோ வெள்ளரியோ வெந்த பீன்ஸோ தனித் தட்டில் வையுங்கள். அதற்கு வேண்டியது உங்களோடு சேர்ந்து தின்பது. வெறும் ஓட்ஸைத் தண்ணீரில் வேகவைத்து ஆறவைத்து ஒன்றிரண்டு கரண்டி கொடுப்பதிலும் தவறில்லை, அது அதற்கென்றே சமைத்ததாக இருந்தால்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு நாள் தவறிப்போய்த் தின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீரைப் புகட்டாதீர்கள். நம் பக்கத்தில் இது இன்னும் இருக்கிறது. ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே நாயைக் கொன்றுவிடும். பாக்கெட்டைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். நாயின் எடை, சுமாராக எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு மருத்துவருக்கு ஃபோன் செய்யுங்கள். உலர்திராட்சை, சைலிட்டால், மக்கடேமியா, பாக்கெட் முழுக்கச் சாக்லேட் உருண்டை, மசாலா ஓட்ஸ் என்றால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்க முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நல்ல வாய்ப்பு. திராட்சை தின்ற நாய் அன்று முழுக்கத் துள்ளிக்கொண்டே இருக்கலாம். சிறுநீரகம் பழுதாவது ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தெரியவரும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் சிகிச்சைப் பிரிவு உண்டு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவரின் எண்ணையும், இரவில் யார் எடுப்பார்கள் என்பதையும் இன்றே கேட்டு எழுதி, பாட்டிக்கும் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கும் தெரிகிற மாதிரி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாய்களின் நலம் நாடும் ஒருவர்